மஞ்சளை அளந்த இராஜாங்கம்

இராஜாங்கத்தைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த மனிதர், "அந்த லேப்காரன் மிராசுகிட்ட கை நீட்டி வாங்கிக்கிட்டு ஒரு பச்சப்புள்ளயக் கெடுத்தானே" என்று ஆரம்பித்தார். பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். இத்தனை வருஷமாகியும் அந்தப் பேச்சு சாகவில்லை. பேச்சுக்கு ஆளான இராஜாங்கம் செத்துப்போனான். யாருக்காக அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தானோ அந்த ஆளும் போய்ச் சேர்ந்தாயிற்று. இனி நான் மட்டும் எதற்கு மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே இருந்த அரசு ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர், பெயர் நாகேஸ்வரன். இராஜாங்கம் லேப் டெக்னீஷியன். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுக்கிற ஜன்னலும் அவன் ரத்தம் எடுக்கிற ஜன்னலும் அடுத்தடுத்து இருக்கும். நடுவில் ஒரு தட்டிதான், அதனால் அவன் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவன் அப்பா என் பெரியப்பாவின் பண்ணையில் நடவும் அறுப்புமாகக் கிடந்தவர். எங்கள் நிலமெல்லாம் கைமாறிப்போய் நான் மருந்து கலக்க வந்தேன். அவன் படித்து, புது ஆட்சியில் தஞ்சாவூரில் டிரெயினிங் முடித்து, ரத்தம் அளக்க வந்தான். இதை வைத்தே என்னைச் சீண்டுவான்.

"என்ன ஐயரே, எங்கப்பா ஒங்க வூட்டு வாசல்ல நின்னாரு. இப்ப கையெழுத்துப் போடுற எடத்துல நீங்க எனக்குப் பின்னாடி நிக்கிறீங்க."

"முன்னாடியே நில்லுய்யா. பெரிய டாக்டர் திட்ட வர்றப்பவும் அங்கயே நில்லு" என்பேன்.

அடக்கம், பணிவு இதெல்லாம் அவனிடம் கிடையாது. நீலம் போட்டுக் கஞ்சி முறுக்கிய வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்சிக் கரை வேட்டி, தலையில் வழிய வழிய எண்ணெய். தன் வேலையைப் பற்றி அவனாகவே புகழ்ந்துகொள்வான். "மனுசன் பொய் சொல்லுவான், நாடி புடிக்கிற வைத்தியன் பொய் சொல்லுவான், என் நம்பர் பொய் சொல்லாது" என்று வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒருநாள் வம்புக்காகவே கேட்டேன். காமாலைக்குக் கண்ணை இழுத்துப் பார்த்தால் மஞ்சள் தெரிந்துவிடுகிறதே, இதற்கு என்ன பெரிய டெஸ்ட் என்று. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை விடவில்லை.

"மஞ்சளா இருக்குன்னு கண்ணு சொல்லும். எவ்ளோ மஞ்சள்னு சொல்லுமா? முன்னெல்லாம் என்ன பண்ணுவாங்க தெரியுமா, ரத்தம் ஒறஞ்சு மேல தெளியுது பாரு சீரம், அத ஒரு மஞ்சக் கரைசல் பக்கத்துல வச்சு இதுவா அதுவான்னு ஒத்துப் பாப்பாங்க. பப்பாளியும் பரங்கிக்காயுமா தின்னுட்டு வந்தவனுக்கும் சீரம் மஞ்சளாத்தான் இருக்கும். அவனுக்குக் காமாலையா?"

அவன் செய்கிற முறை வேறு. சல்பனிலிக் அமிலம் கரைத்த நீர் ஒன்று, சோடியம் நைட்ரைட் கரைத்த நீர் ஒன்று. இரண்டையும் அன்றன்றைக்குப் புதிதாகச் சேர்க்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அதைச் சீரத்தில் விட்டால் மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் அதோடு சேர்ந்து ஊதாவும் சிவப்புமாக நிறம் காட்டும். பிலிரூபினில் ஒரு வகை தண்ணீரில் கரைவது, அது உடனே நிறம் காட்டிவிடும். இன்னொரு வகை ஒளிந்துகொண்டு இருக்கும். மெத்தனால் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால்தான் அது வெளியே வரும். பிறந்த குழந்தைகளுக்கு வருகிற மஞ்சள் பெரும்பாலும் இந்த ஒளிகிற வகைதான், அளவுக்கு மீறினால் மூளைக்குள் போய்ப் படிந்துவிடும். வந்த நிறத்தைக் கலரிமீட்டரில் பச்சைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் முள் ஒரு இடத்தில் நிற்கும். அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரு எண் சொல்வான். அந்த எண்ணைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் தணிந்து மரியாதையாக வரும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவன் எண்ணை நம்பி டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள், அவனும் ஒருதடவைகூட அவர்களைக் கைவிட்டதில்லை.

அந்த வருஷம் தை மாதக் கடைசியில் சம்பா அறுவடைக்கு நிற்கும்போது கூலித் தகராறு முற்றியது. நெடுவாக்குடிப் பக்கத்தில் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். மிராசுகள் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வயலில் அடிதடி, இரண்டு வைக்கோல்போர் எரிந்தது, நூற்றுநாற்பத்துநாலு போட்டார்கள், பஸ் நின்றது. ஆற்றுப் பாலத்தில் போலீஸ் உட்கார்ந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து நடந்தால் வேனில் ஏற்றினார்கள். ஒற்றை ஆளாக வாய்க்கால் வரப்போடு வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டார்கள்.

நெடுவாக்குடியில் ஒரு சின்ன சுகாதார நிலையம் உண்டு. டாக்டர் கமருன்னிஸா என்று கூத்தாநல்லூர்ப் பெண், படிப்பு முடித்துப் புதிதாக வந்திருந்தார். கெட்டிக்காரி, பயப்படாதவர். அங்கேதான் வைரக்கண்ணு என்கிற அறுப்புக்கூலி ஆளின் மனைவி நீலாம்பாளுக்குத் தலைப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. மறுநாளே குழந்தைக்கு மஞ்சள் தட்டுகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ஆனால் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வழியில்லை. பார்க்க வந்த பெண்கள் தாய்க்கும் பிள்ளைக்கும் மஞ்சள் அரைத்துத் தலையிலிருந்து கால்வரை பூசிவிட்டிருந்தார்கள். டாக்டர் சத்தம் போட்டாராம். "பச்ச ஒடம்புக்கு மஞ்ச பூசாம என்னத்தப் பூசுறது?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். கழுவினாலும் சட்டென்று போகிற நிறமா அது? ஆகவே ரத்தம் எடுத்து, தெளிந்த சீரத்தை மட்டும் ஒரு சின்னக் குழாயில் விட்டு, எக்ஸ்ரே பிலிம் சுற்றி வருகிற கருப்புக் காகிதத்தில் பொதிந்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கொண்டுவந்தது குழந்தையின் தகப்பன்.

வைரக்கண்ணுவை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். ஒல்லியான ஆள், முழங்கால்வரை சேறு, இரண்டு கையாலும் அந்தக் கருப்புப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு இராஜாங்கத்தின் ஜன்னலில் நின்றான். ஒரே சனம் என்பதால் வந்தவுடன் அண்ணே என்று உறவு கொண்டாடினான்.

"அண்ணே, டாக்டரம்மா இத இப்படியே ஒங்க கையில குடுக்கச் சொன்னாங்க."

இராஜாங்கம் அளந்தான். பதினாலு. மறுநாள் பதினெட்டு. இருபதைத் தாண்டினால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும். டாக்டர் போலீஸ் அதிகாரியிடம் மன்றாடி, ஒரு ஜீப்புக்கு அனுமதி வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாளும் ஏறினால் உடனே கிளம்புவது என்று ஏற்பாடு. அதுவரை குழந்தையைத் துணியில்லாமல் காலை வெயிலில் காட்டச் சொன்னார். வெயில் பட்டால் மஞ்சள் இறங்கும் என்று நீலாம்பாளிடம் சொன்னபோது வைரக்கண்ணு பக்கத்தில்தான் நின்றானாம்.

மூன்றாம் நாள் பொட்டலம் கொஞ்சம் தாமதமாக வந்தது. இராஜாங்கம் அளந்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் குழாய்கள் உரசுகிற சத்தம் கேட்டது. மறுபடி ஒரு தடவை அளந்தான் போலிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான்.

"எறங்கிருச்சு தம்பி! பதினொண்ணு!"

வைரக்கண்ணு அப்படியே அவன் காலில் விழப் போனான். இராஜாங்கம் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"கால்ல வுழுவுற வேலையெல்லாம் வுட்டுரு. நம்ம ஆட்சி நடக்குது. நேரா நில்லு. புள்ளைக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கலண்ணே. காத்தாயின்னு வைக்கலாம்னு."

"வையி. போய் டாக்டரம்மாகிட்ட இந்தச் சீட்டக் குடு."

அவன் ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். இராஜாங்கம் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "சீரமே வெளுப்பாத்தான் இருந்திச்சு ஐயரே. பாத்தப்பவே நெனச்சேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் மண்டை உடைந்து வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு நல்ல செய்தி.

அதே மத்தியானம் நெடுவாக்குடிக் களத்தில் பெரிய அடிதடி. தலை பிளந்து மூன்று பேர் கிடந்தார்கள். பதினொன்று என்கிற சீட்டு டாக்டரின் கையில் இருந்தது. அவர் ஜீப்பை அவர்களுக்குக் கொடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நாலாம் நாள் காலை வைரக்கண்ணு வந்தபோது நான் ஜன்னல் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். அவன் நடந்து வந்த விதமே வேறாக இருந்தது. வலது கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, இரண்டு விரலால் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு, அதைச் சூரியனுக்கு நேராகத் திருப்பித் திருப்பிக் காட்டியபடி வந்தான். கருப்புக் காகிதம் இல்லை.

"பேப்பர் எங்க தம்பி?" என்று இராஜாங்கம் கேட்டான்.

"மடியில இருக்குண்ணே. எதுக்குண்ணே அது? புள்ள ரத்தத்த எதுக்கு இருட்டுல பொத்தி வைக்கணும்? வெயிலு பட்டா மஞ்ச எறங்கும்னு டாக்டரம்மாதான சொன்னாங்க. நேத்தே நான் பிரிச்சுட்டேன். வரப்பு நெடுக வெயில்ல காட்டிக்கிட்டேதான் வந்தேன். இங்க வாசலுக்கு வந்துதான் மறுபடி சுத்துனேன், நீங்க வைவீங்களோன்னு. பாருங்க, பதினெட்டு பதினொண்ணா எறங்குச்சுல்ல. இன்னிக்கி இன்னும் நல்லாக் காட்டிருக்கேன். பூராவும் எறங்கியிருக்கும்."

அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. புலர்ந்தும் புலராத வேளையில் எடுத்த சீரத்தை, கை வலிக்க வலிக்க, மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு அந்தத் தூரம் நடந்திருக்கிறான். பிள்ளைக்குச் செய்வதாகத்தான் செய்தான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. இராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "நீ வெளிய இரு தம்பி" என்று சொல்லிவிட்டு, தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து என் காதில் சொன்னான். வெயில் பட்டால் உடம்பில் மட்டுமா, குழாயில் இருக்கிற சீரத்திலும் பிலிரூபின் அழிந்துபோகும். அதற்குத்தான் கருப்புக் காகிதம். நேற்று வந்த பதினொன்று குழந்தையின் அளவு இல்லை, வெயில் தின்றது போக மிஞ்சியது. குழந்தைக்கு இறங்கவே இல்லை. நேற்று முழுவதும், ராத்திரி முழுவதும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

"நான் சரியாத்தான்யா அளந்தேன்" என்றான். அவன் எனக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியாது. "ஏன் சுத்துறோம்னு அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறேன். அவனுக்குச் சொல்லத் தோணல எனக்கு."

பையில் குழாய்களையும் மருந்துப் புட்டிகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி சைக்கிளை எடுத்தான். நானும் என் சைக்கிளில் கிளம்பினேன். வைரக்கண்ணுவுக்கு ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏற்றிக்கொண்டேன். ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே அவனை இறக்கி, வாய்க்கால் வரப்போடு போகச் சொன்னேன். பாலத்தில் எங்களை நிறுத்தினார்கள். என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நீங்க போங்க சாமி" என்றான் ஏட்டு. இராஜாங்கத்தை நிற்க வைத்தான். நெடுவாக்குடித் தெரு ஆளா, பையில் என்ன புட்டி, எந்த ஆபீஸ் என்று கேள்வி மேல் கேள்வி. அடையாள அட்டையைக் காட்டினான். அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒரு குழந்தை சாகக் கிடக்கிறது என்றேன். "மேலிடத்துல கேக்கணும்" என்றான். கேட்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சாதாரணமாக எல்லாரையும் எதிர்த்துப் பேசுகிற இராஜாங்கம் அன்றைக்கு வாயே திறக்காமல், கைகட்டி நின்றான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நாங்கள் போனபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. பச்சைக் குழந்தையின் அழுகை மாதிரியே இல்லை, கீச்சென்று ஒரே குரல். பால் குடிக்கவில்லையாம். முதுகு பின்பக்கமாக வில்லாக வளைந்திருந்தது. டாக்டர் கமருன்னிஸா எங்களைக் கண்டதும், "நேத்து பதினொண்ணுன்னு குடுத்தீங்களே இராஜாங்கம், எனக்குப் பாத்தா அப்படித் தெரியலயே" என்றார். இராஜாங்கம் அவரைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னான். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜீப் தஞ்சாவூரிலிருந்து திரும்பவில்லை.

அளப்பதைத் தவிர இராஜாங்கத்துக்கு என்ன தெரியும்? குதிகாலில் குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்தான். அங்கே மெஷின் கிடையாது. சீரத்தைப் பிரித்து, மருந்து கலந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நாவல் பழம் நசுக்கிய மாதிரி கறுத்த ஊதா. இருபத்தைந்துக்குக் குறையாது என்று எனக்கு மட்டும் சொன்னான்.

அப்போதுதான் வைரக்கண்ணு வாசற்படியில் வந்து நின்றான்.

"அண்ணே. பதினொண்ணுன்னு சொன்னீங்களே. அப்பறம் ஏன் இப்படிக் கெடக்கு?"

டாக்டர் இராஜாங்கத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், தன் கையாலேயே பிள்ளையைக் கெடுத்துக்கொண்டோம் என்று தெரிந்தால், இந்த மனிதன் என்ன ஆவான் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"மருந்து பழசு தம்பி" என்றான் இராஜாங்கம். "வீரியம் போயிருச்சு. நான் பாக்காம அப்படியே போட்டுட்டேன். அதான் நம்பர் கொறச்சுக் காட்டிருச்சு. எந் தப்பு."

தன் மருந்தைப் பற்றி அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வைரக்கண்ணுவுக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். கஞ்சி போட்ட சட்டை டர்ரென்று கிழிந்தது. நான் விலக்கப் போனேன். "வுடு ஐயரே" என்றான் இராஜாங்கம். அடிபட்டுக்கொண்டான்.

டாக்டர் பாலத்துக்கு ஓடி, திரும்பிப்போகிற போலீஸ் வேனைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார். தஞ்சாவூரில் அன்று சாயங்காலம் ரத்தம் மாற்றினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் கழுத்து நிற்கவில்லை, காது கேட்கவில்லை, கைகால் அது சொன்னபடி வராமல் முறுக்கிக்கொண்டது. காத்தாயி என்றுதான் பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பாது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் ஊருக்குத் தெரியும். கூலி ஆட்களின் சங்கத்துக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். விசாரணை வந்தது. இராஜாங்கம் அங்கேயும் தன் தவறு என்றே சொன்னான். மருந்து பழசாம், பார்க்காமல் விட்டானாம் என்கிற பேச்சு நாலு தெரு தாண்டுவதற்குள் வேறாகிவிட்டது. போராட்டக்காரன் பிள்ளை என்று தெரிந்தே செய்தானாம், மிராசு கொடுத்ததை வாங்கிக்கொண்டானாம். அவன் சொந்தத் தெருவில் அவன் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. திருப்பனந்தாள் பக்கம் அவனை மாற்றினார்கள். கிளம்புகிற அன்று நான் சண்டை போட்டேன்.

"நான் போய்ச் சொல்றேன்யா. எத்தனை நாள் இந்தப் பழியச் சொமப்ப?"

"சொன்னீன்னா அவன் தூக்குல தொங்கிருவான். ஒரு புள்ளயக் கெடுத்தாச்சு, தகப்பனையும் கொல்லணுமா?"

"பெரிய மகாத்மான்னு நெனப்பா ஒனக்கு?"

"ஐயரே, நானும் மனுசந்தான்" என்றான். "வூட்டுக்குப் போனா அந்தப் பயலக் கெட்ட வார்த்தையிலதான் திட்டுறேன். ஆனா அவன் மூஞ்சியப் பாத்து வர மாட்டேங்குது."

எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். அவன் செய்தது சரியென்று என்னால் ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று இனிமேல்தான் வருகிறது.

மூன்று வருஷம் கழித்து அவனை மறுபடி எங்கள் ஆஸ்பத்திரிக்கே போட்டார்கள். அதே தட்டி, அதே ஜன்னல், ஆனால் முன்போலச் சத்தம் இல்லை. அந்த ஐப்பசியில் நெடுவாக்குடியிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். நீலாம்பாளுக்கு இரண்டாவது குழந்தை, வீட்டிலேயே பிரசவம். ஆண். பிறந்த மறுநாளே மஞ்சள். ரத்தம் எடுக்கப் போனால் வைரக்கண்ணு அரிவாளைத் தூக்குகிறான். லேபை நம்பித்தான் முதல் பிள்ளையைப் பாழாக்கினேன், இந்தப் பிள்ளை ரத்தத்தை எவன் கையிலும் கொடுக்க மாட்டேன் என்கிறான். கமருன்னிஸா எப்போதோ வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டிருந்தார்.

இராஜாங்கம் சைக்கிளை எடுத்தான். இந்தத் தடவையும் நான் கூடப் போனேன்.

வைரக்கண்ணு காத்தாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நாலு வயதை நெருங்குகிற பெண், தலை அவன் தோளில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பச்சைக் குழந்தை முனகியது. இராஜாங்கம் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். கருப்புக் காகிதம் எதற்கு, வெயில் குழாயில் என்ன செய்யும், பதினொன்று எப்படி வந்தது, மருந்து பழசு என்று ஏன் சொன்னான்.

"ஒன்னக் குத்தம் சொல்ல வரல தம்பி. ஒனக்குத் தெரியாது, நான்தான் சொல்லிருக்கணும். இப்ப இந்தப் புள்ளையையாவது பாக்கலாம். ரெண்டு சொட்டு ரத்தம் குடு."

வைரக்கண்ணு காத்தாயியின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டான். பிறகு சிரித்தான்.

"அன்னிக்கு எந் தப்புன்னு ஊரறியச் சொன்ன. இப்ப ஒந் தப்ப எந் தலையில கட்ட வந்துட்ட. அண்ணன்னு கூப்புட்ட வாயிய்யா இது."

"அவன் சொல்றது சத்தியம்" என்று நான் முன்னால் வந்தேன். "நான் பக்கத்துல இருந்தேன் வைரக்கண்ணு. என் கண்ணால பார்த்தேன்."

"நீங்க மிராசு வூட்டு ஆளு சாமி" என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க வேற எப்படிச் சொல்லுவீங்க?"

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் மிஞ்சவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லி என்ன? உள்ளேயிருந்து நீலாம்பாள், "குடுத்துத்தான் பாப்பமே" என்றாள். "நீ சும்மா கெட. வெயில்ல காட்டுனாப் போதும், எறங்கிரும். அந்த டாக்டரம்மா சொன்னதுதான்" என்றான். ஐப்பசி மாதம், வானம் மூட்டம் போட்டு அடைமழைக்கு நின்றிருந்தது. வெயிலுக்கு எங்கே போவான்? தெரு ஆட்கள் கூடிவிட்டார்கள். இராஜாங்கத்தை அவன் சொந்தச் சனமே கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. தாலுகா ஆபீஸ், போலீஸ், மற்ற டாக்டர்கள் என்று நானும் அவனும் அலைந்தோம். பெற்றவன் சம்மதிக்காமல் நாங்கள் என்ன செய்ய என்றார்கள். குழந்தை அந்த வாரம் தாண்டவில்லை. அதற்கு எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அளக்கவே இல்லையே.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை வேளை, மழை விட்டிருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் ஒரு குரல் கேட்டது. வைரக்கண்ணு. தலை மழித்திருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே." அண்ணே என்றான். "அன்னிக்கு வூட்டு வாசல்ல நின்னு சொன்னீங்களே. குழாய வெயில்ல காட்டுனதாலதான்னு. அது நெசமா?"

நான் பஞ்சை எடுத்த கையோடு நின்றுவிட்டேன். தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வைரக்கண்ணுவின் கண் இராஜாங்கத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆம் என்றால் இரண்டு பிள்ளையும் அவன் கணக்கில் விழும். உண்மையைச் சொல்லிக் காப்பாற்ற இனி அந்த வீட்டில் பச்சைக் குழந்தை இல்லை.

"பொய்யிதான் தம்பி" என்றான் இராஜாங்கம். "பழியிலேர்ந்து தப்பிக்கச் சொன்னேன். மருந்துதான் பழசு."

வைரக்கண்ணு மூச்சை விட்டான். தரையில் காறித் துப்பிவிட்டு, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, வந்ததைவிட நிமிர்ந்து நடந்து போனான்.

நான் தட்டியைச் சுற்றிக்கொண்டு போனேன். இராஜாங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேஜைமேல் வைத்திருந்தான். அவன் தோளைத் தொட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வரிசையில ஆளு நிக்கிது ஐயரே" என்றான். "அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."